கணினிக்கு எழுதி வைக்கும் ஏவல்

பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் குடியேறியுள்ள தமிழ் மக்களுள், கணினி சர்வர்களைப் பராமரிக்கும் பணியில் இருப்போர் பலர். டிஸ்க்கில் எஞ்சியுள்ள இடத்தைப் பார்த்தல், பெருத்துவிட்ட லாக் கோப்புகளைச் சுருக்குதல், தகவல்களுக்கு நகல் எடுத்தல் ஆகியவை அவர்கள் நாள்தோறும் ஒரே முறையில் செய்ய வேண்டிய வேலைகள். இவற்றைக் கையால் செய்பவர் என்றேனும் ஒருநாள் மறத்தல் இயல்பே. ஆதலின், இவற்றைக் கணினியிடமே ஒப்படைக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை ஏற்று, அதற்குரிய நிரலை இயக்குவிப்பது ஷெல். 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் யூனிக்ஸுக்கு முதல் ஷெல்லை எழுதினார். 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்னின் ஷெல் வெளிவந்தது. கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அதுவே ஷெல் ஸ்கிரிப்ட். 'கிரான்' என்னும் நிரலிடம் நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டால், நாம் உறங்கும் பின்னிரவு 2 மணிக்கும் அது தன் வேலையைத் தொடங்கிவிடும்.

ஆயினும், தொடங்கிய வேலை செவ்வனே முடிந்ததா என்பதை யார் பார்ப்பது? ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. அது 0 எனில் வெற்றி. வேறு எண் எனில் தோல்வி. நாம் கேட்குமாறு எழுதாவிடின், ஷெல் அவ்வெண்ணைப் பொருட்படுத்தாது அடுத்த வரிக்குச் சென்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். முதல் வரி புதிய நகலை எடுக்கிறது; இரண்டாம் வரி 7 நாட்களுக்கு முற்பட்ட நகல்களை அழிக்கிறது. ஏதோ காரணத்தால் முதல் வரி நாள்தோறும் தோற்கிறது. இரண்டாம் வரியோ நாள்தோறும் வெல்கிறது. ஒரு வாரம் கடந்தபின் ஒரு நகலும் எஞ்சாது. புதிய நகல் சரியாக உள்ளதெனச் சோதித்த பின்னரே பழையதை அழிக்குமாறு எழுதியிருப்பின், இவ்விழப்பு நேராதன்றோ?

இது வெறுங்கற்பனை அன்று. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. நாள்தோறும் தானே எடுக்கப்படும் நகலைத் தேடியபோது, அங்கு ஒன்றும் இல்லை. நகலெடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுக்கப்பட்ட ஒரு நகலே அவர்களைக் காத்தது. இடைப்பட்ட நேரத்துத் தகவல்கள் பறிபோயின.

ஆகவே, ஸ்கிரிப்ட் எழுதுவோர் மூன்றினை மனத்திற்கொள்ளல் நலம். ஒரு படி தோற்றால் அடுத்த படிக்குச் செல்லாது நிற்குமாறு எழுதுக. தோல்வியை மட்டுமின்றி வெற்றியையும் அறிவிக்கச் செய்க. அவ்வாறாயின், செய்தி வராத காலைப்பொழுதே எச்சரிக்கை ஆகிவிடும். மாதம் ஒருமுறையேனும் நகலிலிருந்து தகவல்களை மீட்டுப் பார்த்திடுக. வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கலாம். அதனை மேற்பார்க்கும் பொறுப்பு என்றும் நம்முடையதே.