இரும்பு ஆக்சைடுகள்: பெயரும் வாய்பாடும்

இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் ஆக்சைடுகளில் முக்கியமானவை மூன்று. மூன்றிலும் இருப்பவை அதே இரு தனிமங்கள்தான். அணுக்களின் விகிதம் மட்டுமே வேறு. ஆக்சைடுகளில் ஓர் ஆக்சிஜன் அணு இரண்டு எலக்ட்ரான்களை ஏற்கிறது. இரும்பு அணுவோ இரண்டை இழக்கலாம், மூன்றையும் இழக்கலாம். பெயர், வாய்பாடு இரண்டுமே இந்தக் கணக்கிலிருந்து பிறக்கின்றன.

இரண்டை இழந்தால், ஓர் இரும்பு அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு. இது பெரஸ் ஆக்சைடு. இன்றைய முறைப்படி இரும்பு (இரண்டு) ஆக்சைடு. அடைப்புக்குறிக்குள் வருவது இரும்பின் ஆக்சிஜனேற்ற எண். கருநிறமான இந்தச் சேர்மத்தின் கனிம வடிவம் வுஸ்டைட். ஏறத்தாழ 570 டிகிரி செல்சியசுக்குக் கீழே இது நிலையற்றது.

மூன்றை இழந்தால், இரண்டு இரும்பு அணுக்கள் விடும் ஆறு எலக்ட்ரான்களை மூன்று ஆக்சிஜன் அணுக்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. இது பெரிக் ஆக்சைடு, அதாவது இரும்பு (மூன்று) ஆக்சைடு. சத்தீஸ்கரின் பைலாடிலா சுரங்கங்களில் கிடைக்கும் ஹேமடைட் தாது இதுவே. எடையில் சுமார் 70 சதவீதம் இரும்பு. செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவதும், கம்பிக் கதவுக்கு முதலில் பூசும் ரெட் ஆக்சைடு பிரைமருக்கு நிறம் தருவதும் இதுதான்.

மூன்றாவது இரண்டும் கலந்தது. மூன்று இரும்பு அணுக்களில் ஒன்று இரண்டு எலக்ட்ரான்களையும், மற்ற இரண்டும் மும்மூன்றையும் இழக்கின்றன. மொத்தம் எட்டு, அவற்றை ஏற்க நான்கு ஆக்சிஜன் அணுக்கள். ஆகவே இதன் பெயர் இரும்பு (இரண்டு, மூன்று) ஆக்சைடு. கனிமப் பெயர் மேக்னடைட். காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும் கருந்தாது இது. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் உண்டு. தூய நிலையில் சுமார் 72 சதவீதம் இரும்பு.

உயர் வெப்பத்தில் காற்றுபடும் இரும்பின் மேல் இம்மூன்றும் அடுக்கடுக்காகப் படியும். இரும்பை ஒட்டி வுஸ்டைட், நடுவே மேக்னடைட், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் வெளிப்புறத்தில் ஹேமடைட்.

ஈரக்காற்றில் உண்டாகும் துரு இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது. அது நீரேறிய பெரிக் ஆக்சைடு. சேர்ந்திருக்கும் நீரின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதால், துருவின் வாய்பாட்டில் நீர் மூலக்கூறுகளுக்கு நிலையான எண் எழுதுவதில்லை.