நீலக்கொடியின் கண்ணில் படாத மலை

விசாகப்பட்டினத்தின் ருஷிகொண்டா கடற்கரை, தூய்மையான கடற்கரைகளுக்கு வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றை 2020 அக்டோபரில் பெற்றது. இந்தியாவில் முதன்முதலாக அந்தப் பெருமை கிடைத்த எட்டுக் கடற்கரைகளில் அதுவும் ஒன்று. 2025 தொடக்கத்தில் அந்தச் சான்று தற்காலிகமாகத் திரும்பப் பெறப்பட்டது. குப்பை, தெருநாய்கள், வேலை செய்யாத கண்காணிப்புக் கேமராக்கள், பராமரிப்பில்லாத கழிப்பறைகள் என்று புகார் போயிருந்தது. அதிகாரிகள் ஓடியாடி எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். சில வாரங்களிலேயே கொடி திரும்ப வந்தது. ஆனால், இதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அதே கரையை ஒட்டி நிற்கும் ருஷிகொண்டா மலை சுற்றுலா விடுதித் திட்டத்துக்காக வெட்டப்பட்டது. பச்சை போர்த்தியிருந்த சரிவு செம்மண்ணாக நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த நாட்களில் கொடி இறங்கவில்லை. தெருநாயைக் கண்ட சான்றிதழ் மலையைக் காணவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இந்தச் சான்றைப் பயனற்றது என்று ஒதுக்க முடியாது. 1985-ல் பிரான்சில் பிறந்து, இப்போது டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்கும் நீலக்கொடிக்கு 33 நிபந்தனைகள் உண்டு. குளிக்கும் பருவத்தில் மாதம் ஒருமுறையாவது கடல்நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் இ-கோலை நுண்ணுயிரி 250 என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். முடிவைக் கரையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். கரை ஒதுங்கும் கடற்பாசியைக் குப்பை என்று வாரிக் கொட்டாமல் கூடியவரை அப்படியே விட வேண்டும் என்றுகூட ஒரு விதி இருக்கிறது. கழிவுநீர் எங்கே கலக்கிறது என்றே சொல்லாத நம் நகராட்சிகளுக்கு நடுவில், குளிக்க வருகிறவருக்கு நீரின் தரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. சான்று ஒரு பருவத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால் நிர்வாகத்துக்குப் பயமும் இருக்கிறது. ருஷிகொண்டாவில் கழிப்பறைகள் அவசரமாகச் சுத்தமானது அந்தப் பயத்தால்தான்.

மலையைக் காப்பது கொடியின் வேலை அல்லவே, அதற்குத்தான் கடலோர ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தச் சட்டமே கொடிக்காக வளைந்திருக்கிறது. 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, நீலக்கொடிக் கடற்கரைகளில் கழிப்பறை, உடைமாற்றும் அறை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு போன்றவற்றை உயர் அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி அமைக்க அனுமதித்தது. வசதிகள் தேவைதான். ஆனால், சட்டத்தில் சலுகை வாங்கித் தருகிற சான்று, சட்டத்தின் பொறுப்பிலும் பங்கு ஏற்கத்தானே வேண்டும்?

தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் 2021-ல் இந்தச் சான்றைப் பெற்றது. கோவளம் அடிப்படையில் மீனவர் ஊர். படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் கருவாடு காயப்போடவும் மணல் வேண்டும். அருகிலேயே முட்டுக்காட்டு முகத்துவாரம். பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற கரை இது. இரவில் விளக்கு அதிகமானால் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தின் பக்கம் ஊர்ந்து போய்ச் சாகும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலும் இழுவை வலையில் சிக்கி மூச்சு முட்டிய சாவுகள் அவை. கரையில் நட்ட கொடியால் கடலுக்குள் நடப்பதைத் தடுக்க முடியாது. அதனால்தான், நீலக்கொடி வந்துவிட்டது, இனிக் கடற்கரை பத்திரம் என்கிற பேச்சை நான் ஏற்கவில்லை. சுத்தமான மணல் வேறு, உயிரோடிருக்கும் கரை வேறு.

அடுத்த கடற்கரைக்கு விண்ணப்பம் போடுமுன் அரசு மூன்று விஷயங்களைக் கட்டாயமாக்க வேண்டும்: மீனவர் கிராம சபையின் ஒப்புதல், ஆண்டுதோறும் கரை அரிப்பின் அளவீடு, கொடிப் பகுதியைச் சுற்றியுள்ள மலையும் முகத்துவாரமும் அடங்கிய கண்காணிப்பு. இதற்கு டென்மார்க் அறக்கட்டளையின் அனுமதி தேவையில்லை. நீங்களும் கோவளத்துக்குப் போனால் அந்தப் பலகையில் நீர்ச் சோதனைத் தேதியைப் பாருங்கள். பழைய தேதியாக இருந்தால் அங்கேயே கேளுங்கள். பிறகு கொடியின் எல்லையைத் தாண்டி, படகுகள் நிற்கும் பக்கமும் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள்.