பதநீர்க் காலத்துக்குக் கிராமக் கடையில் சேகரித்து வைக்க வேண்டிய சாமான்கள்

பனையேறும் தொழிலாளி ஒருவர் இருள் பிரியுமுன் முப்பது மரம் ஏறி இறக்கிய பதநீர், விடிலிக்கு வந்து சேருமுன் புளித்துவிடுமாயின், அந்நஷ்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் மரமன்று, தொழிலாளியின் அசிரத்தையுமன்று. அவர் கடையில் வாங்கிய சுண்ணாம்பே காரணமாயிருப்பதுண்டு. தென்காசி, குற்றாலம், கடையம், ஆலங்குளம், சங்கரன்கோவில் முதலிய பகுதிகளில் பனை வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களும், கூட்டுறவுச் சங்கங்களை நடத்துவோரும், கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது யாதெனில், பதநீர் இறக்குவதற்கும் கருப்பட்டி காய்ச்சுவதற்கும் வேண்டிய சாமான்கள் நல்ல தரத்தில், உரிய காலத்தில், ஊர்க்கடையிலேயே கிடைக்க வேண்டும் என்பதாம்.

பிற தேசங்களின் வழக்கமும் நமது சட்டமும்.— வீட்டிலேயே பீர் முதலிய பானங்களைப் புளிக்கவைத்துக்கொள்ளும் வழக்கம் மேல்நாடுகளில் உண்டு. இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டு முதல் சொந்த உபயோகத்துக்காகப் பீர் காய்ச்சுவோருக்கு உரிமம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டில் அவ்வாறே மத்திய சட்டம் செய்யப்பட்டது. ஆகவே அங்கே முளைதானியம், ஈஸ்ட், திரவமானி, உஷ்ணமானி முதலியவற்றைத் தனிக் கடைகளில் விற்கின்றனர். நமது மாகாணத்தின் நிலை வேறு. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் முதன்முதலாக அமலுக்கு வந்த மதுவிலக்குச் சட்டமே, பிற்காலத்துத் திருத்தங்களுடன், இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. இச்சட்டத்தின்படி உரிமமின்றி வீட்டில் மது வடிப்பதும் புளிக்கவைப்பதும் குற்றமாகும். கள்ளுக்கடைகள் 1987-ஆம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் மூடப்பட்டுவிட்டன. செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகளில் கள் விற்கப்படுகின்றது. செங்கோட்டை 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி நம்முடன் இணைந்தது முதல் அந்த எல்லை மலைப்பக்கம் சென்றுவிட்டது. அங்கே நியாயமாய் இருப்பது இங்கே நியாயமாகாது என்பதை எல்லைப்புறத்தார் மறத்தல் கூடாது.

ஆகையால் நமது கடைக்காரர் சேகரிக்க வேண்டிய சாமான்கள் மேல்நாட்டுக் கடைக்காரருடையவற்றுக்கு நேர்மாறானவை. அவர் ஈஸ்டை விற்கின்றார். நமக்கோ ஈஸ்ட் காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் விலையின்றியே வந்துசேருகின்றது. அதைத் தடுப்பதற்கான பொருளையே நாம் விற்க வேண்டும்.

பதநீர் புளிக்கும் விதம்.— பாளையினுள் ஊறும் சாற்றில் நூற்றுக்கு 10 முதல் 14 பங்கு வரை சர்க்கரை உண்டு. சீவிய வாயிலிருந்து சொட்டத் தொடங்கியதும் ஈஸ்ட் என்னும் நுண்காளானும் சில பாக்டீரியாக்களும் அதில் சேர்ந்து, சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. வெயில் மிகுந்த நாட்களில் சில மணி நேரமே இதற்குப் போதும். மேலும் வைத்திருந்தால் அது காடியாகப் புளிக்கின்றது. சாராயச் சத்து தோன்றுமுன்னரே வேறொரு கேடும் நேருகின்றது. கரும்புச் சர்க்கரையை ஒத்த சர்க்கரை பிளவுபட்டு, உறையாத எளிய சர்க்கரைகளாக மாறிவிடும். அத்தகைய பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் பதம் கூடாமல் பாகாகவே நிற்கும். கலயத்தின் உட்புறத்தில் பூசிய சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி, இந்த நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுக்கின்றது. பதநீருக்கும் கள்ளுக்கும் உள்ள வேற்றுமை அந்தப் பூச்சிலேயே அடங்கியிருக்கின்றது.

கடையில் இருக்க வேண்டிய சாமான்கள்

1. சுண்ணாம்பு.— இதுவே தலையாயது. கிளிஞ்சல் சுண்ணாம்பு மிக நல்லது. சுத்தமான கல் சுண்ணாம்பும் ஆகும். வெள்ளையடிப்பதற்கென்று நீலமும் பசையும் சேர்த்து விற்கும் சுண்ணாம்பை இதற்குக் கொடுத்தல் கூடாது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு நாளடைவில் வெறும் சுண்ணமாவாகிவிடும். பார்வைக்கு வெண்மையாயிருப்பினும் அதற்குப் புளிப்பைத் தடுக்கும் சக்தியில்லை. சென்ற வருஷத்துச் சாக்கில் திறந்து கிடந்த சுண்ணாம்பை வாங்கிச் செல்லும் தொழிலாளி, தாம் அறியாமலே கள் இறக்குகிறவராகிவிடக்கூடும்.

வாங்கும்போதே பின்வரும் எளிய பரீட்சைகளைச் செய்துகொள்ளலாம். சுட்ட சுண்ணாம்புக் கட்டியின் மீது தண்ணீர் தெளித்தால் அது சீறிச் சூடேறிப் பொரிந்து மாவாக வேண்டும்; சும்மா நனைந்து கிடப்பது உபயோகமற்றது. நீற்றிய சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை எடுத்து அதன்மேல் எலுமிச்சஞ்சாறு பிழிய வேண்டும். நுரைத்துக் குமிழி மிகுதியாய் எழும்பினால் அது காற்றுப்பட்டுக் கெட்டது. குமிழி இல்லாமலோ அற்பமாகவோ இருந்தால் நல்லது.

நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்து, மேலே இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிற்கும்படி மூடிய பீப்பாயில் வைத்தால் நெடுநாள் கெடாது. சுட்ட சுண்ணாம்பு ஈரம்பட்டால் மிகச் சூடேறுமாதலால், சாரல் புகும் இடத்திலும் ஓலை, சாக்கு முதலியவற்றின் அருகிலும் அதை வைத்தல் அபாயம். கண்ணில் பட்டால் உடனே ஏராளமான நீர் விட்டுக் கழுவி வைத்தியரிடம் செல்ல வேண்டும். இதைக் கடைக்காரர் வாங்குவோருக்குச் சொல்லி அனுப்புதல் நலம்.

2. மஞ்சள் தாள்.— மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது நம் பெண்மக்கள் யாவரும் அறிந்ததே. மஞ்சள் கரைத்த நீரில் வெள்ளைத் தாளைத் தோய்த்து நிழலில் உலர்த்திச் சிறு துண்டுகளாக்கிக் கடையில் கொடுக்கலாம். கலயத்திலிருந்து ஒரு துளி பதநீரை அதில் இடும்போது சிவந்தால் சுண்ணாம்பு போதுமானது. மஞ்சளாகவே நின்றால் அக்கலயத்தைத் தனியே ஒதுக்க வேண்டும். கடையில் விற்கும் அமில காரத் தாள்கள் இன்னும் நுட்பமாகக் காட்டும்.

3. கலயம்.— மண் கலயத்தின் நுண்ணிய துவாரங்களில் பழைய புளிப்பு தங்கியிருக்கும். அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து அல்லது புகையூட்டி, ஒவ்வொரு முறையும் புதிதாய்ச் சுண்ணாம்பு பூச வேண்டும். ஆகவே மரத்தில் தொங்கும் கலயங்கள் எத்தனையோ அத்தனை மாற்றுக் கலயங்கள் வேண்டும். அலுமினியப் பாத்திரம் எடை குறைந்ததாயினும் சுண்ணாம்பு அதை அரித்துவிடுமாதலால் இவ்வேலைக்கு உதவாது.

4. ஏறு சாமான்கள்.— பாளை அரிவாள், பாளை நசுக்கும் இடுக்கி, அரிவாட்பெட்டி, தளைநார், இடைக்கயிறு ஆகியவை. இவற்றுள் கயிறும் நாரும் உயிரைத் தாங்குபவை. இற்றது, பூஞ்சணம் பிடித்தது, முடிச்சிட்டுச் சேர்த்தது எதையும் விலை குறைத்தும் விற்றல் கூடாது.

5. விடிலிச் சாமான்கள்.— வடிகட்டப் பன்னாடை அல்லது துருப்பிடிக்காத எஃகு வலை, வட்டை, துடுப்பு, கருப்பட்டி வார்க்கச் சிரட்டை ஆகியவை. பொங்குதலை அடக்க இடித்த ஆமணக்கு முத்து போடும் வழக்கமுண்டு. ஆமணக்கு முத்து நஞ்சுடையதாகையால், அதைத் தின்பண்டங்களோடு சேர்த்து வைக்காமல் தனி டப்பாவில் சீட்டு ஒட்டி வைக்க வேண்டும். சிறிது தேங்காய்த் துருவலும் அதே பயனைத் தரும்.

6. அளவுக் கருவிகள்.— மேல்நாட்டு மதுக் கடைகளில் விற்கும் சாமான்களுள் உஷ்ணமானியும் திரவமானியும் நமக்கும் உபயோகமானவை. பாகு ஏறக்குறைய 115 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தை ஒட்டி வரும்போது பதம் கவனிக்கத் தொடங்கலாம். திரவமானி பதநீரின் சர்க்கரைச் சத்தைக் காட்டும். மழைநீர் புகுந்ததும், தண்ணீர் கலந்ததும் அதில் வெளிப்படும். ஒவ்வொருவரும் வாங்கத் தேவையில்லை. சங்கத்தில் ஒன்று இருந்தால் போதும்.

கடையில் வைக்கத் தகாதவை.— உரத்துக்கென்று விற்கும் சூப்பர் பாஸ்பேட்டைப் பதநீரிலுள்ள சுண்ணாம்பை நீக்குவதற்கென்று கொடுத்தல் தவறு. அவ்வேலைக்கு உணவுத் தரமுள்ள பாஸ்பாரிக் அமிலமே, பயிற்சியுள்ளவரால், அளவறிந்து சேர்க்கப்படலாம். கருப்பட்டியில் கலப்பதற்கென்று சீனி மூட்டைகளைக் கடனுக்குக் கொடுப்பது தொழிலையே கெடுக்கும். மட்ட வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஒருவரே மிகுதியாக வாங்குவாராயின் கடைக்காரர் விழிப்பாயிருத்தல் வேண்டும். கள்ளச்சாராயத்தின் விளைவை நாம் கண்டிருக்கின்றோம். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

எவ்வளவு, எப்போது.— தை, மாசியில் பாளை நசுக்கும் வேலை தொடங்குமாதலால், மார்கழியிலேயே கலயமும் கயிறும் வந்து சேர வேண்டும். சுண்ணாம்பை மட்டும் ஒரேயடியாய் வாங்காமல், பதினைந்து நாளுக்கு ஒரு முறை புதிதாய் வாங்குதல் உத்தமம். உதாரணமாக, ஒருவர் 30 பனை ஏறுவதாகவும், பனை ஒன்றுக்கு 2 கலயம் கட்டுவதாகவும் கொள்வோம். தொங்குபவை 60, மாற்று 60, உடைவுக்கு 20, ஆக 140 கலயங்கள் அவருக்கு வேண்டும். பனை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் 90 லிட்டர் பதநீர் இறங்குமாயின், 8 முதல் 10 லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் 9 முதல் 11 கிலோ வரை கருப்பட்டி கிடைக்கும். சுண்ணாம்பில் சேமிக்கும் சொற்பக் காசுக்காக ஒரு நாளின் இவ்வளவு உழைப்பையும் இழப்பது புத்திசாலித்தனமன்று. ஆயினும் சுண்ணாம்பை மிகுதியாய்ப் பூசுவதும் குற்றமே. பதநீர் வாயைப் பொத்துவிடும். கருப்பட்டி கறுத்துக் கசக்கும். உட்புறம் முழுவதும் மெல்லிய பூச்சே போதும்.

சாரலும் விற்பனையும்.— ஆனியில் குற்றாலச் சாரல் தொடங்கியதும் மலையடிவாரத்துக் கலயங்களில் மழைநீர் புகுந்து பதநீர் கெடும். ஆகவே இப்பக்கத்தில் பருவம் கிழக்குச் சீமையைவிடச் சீக்கிரம் முடிகின்றது. ஆனால் அருவியாட வரும் ஜனங்களால் கருப்பட்டிக்குக் கிராக்கி ஏற்படுவதும் அப்போதுதான். கருப்பட்டியோ ஈரக்காற்றில் கசியும் இயல்புடையது. ஆகவே கடைக்காரர் சித்திரை, வைகாசியில் நன்கு உலர்ந்த கருப்பட்டியை வாங்கி, ஓலைப்பெட்டிகளில் அடைத்து, அடுப்புப் புகை படும் பரணில் அல்லது காற்றுப் புகாத டின்களில் சேமித்துவைத்தால், சாரல் காலத்தில் நல்ல விலை காணலாம். உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம், 2006-இன்படி பதிவு செய்துகொள்ளுதலும், பொட்டணத்தின்மேல் விவரச் சீட்டு ஒட்டுதலும் அவசியம்.

தென்னை உள்ளோருக்கு.— தென்னையிலிருந்து நீரா இறக்க 2017-ஆம் ஆண்டில் தனி விதிகள் செய்யப்பட்டன. உரிமம் பெற்றே அதைச் செய்ய வேண்டும். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் சுண்ணாம்பின்றிப் பனிக்கட்டிப் பெட்டியின் குளிர்ச்சியால் சாற்றைக் காக்கும் முறையைக் கண்டிருக்கின்றனர். பனிக்கட்டி நாள்தோறும் கிடைக்கும் ஊர்களுக்கே இது பொருந்தும்.

நிலச்சுவான்தார்களும் உத்தியோகஸ்தர்களும் செய்யத் தக்கவை.— மரத்தைப் பாட்டத்துக்கு விடும்போது, சுண்ணாம்புச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்தல் வேண்டும். அச்செலவை நிலமுடையவர் ஏற்றுக்கொண்டால் மட்டமான சுண்ணாம்பு வாங்கும் தூண்டுதலே இராது. பனை நம் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஏறுவாரற்று நிற்கும் பனையே வெட்டுக்கு இரையாகின்றது. ஏறுகிறவருக்கு நஷ்டம் நேராமல் காப்பதே பனையைக் காக்கும் வழி.

கிராம உத்தியோகஸ்தர்கள் சோதனைக்குச் செல்லும்போது கலயத்தின் உட்பூச்சையும், மணத்தையும், மஞ்சள் தாளின் நிறத்தையும் கவனித்தால், நியாயமாய்ப் பதநீர் இறக்குவோரை வீணே துன்புறுத்த நேராது. இது நீதிமன்றச் சான்றாகாதெனினும் ஆரம்ப விசாரணைக்கு உதவும். புளித்த கலயம் ஒன்று காணப்பட்டால், அத்தொழிலாளி எந்தக் கடையில் சுண்ணாம்பு வாங்கினார் என்றும் ஒரு வார்த்தை விசாரித்தல் தகும்.

கூட்டுறவுச் சங்கத்தார் இவ்வருஷம் மார்கழிக்குள் மேற்கண்ட சாமான்களை வரவழைத்து, கடை வாசலில் ஒரு கிண்ணம் சுண்ணாம்பும் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்து, வாங்குகிறவர் தாமே பரீட்சித்துக்கொள்ள இடங்கொடுப்பார்களாக. இதற்கு ஆகும் செலவு அற்பம். இதனால் பனையேறும் குடும்பங்களுக்கு விளையும் நன்மை மிகுதி.