பட்டாளத்துக்குப் பின் பட்டப்படிப்பு

பட்டாளத்துக்குப் போனவன் படிப்பைத் துறந்தவன் என்னும் எண்ணம் நம் ஊர்களில் நெடுநாளாக வேரூன்றி நிற்கிறது. பத்தாம் வகுப்பில் தேறியதும் ஒருவன் ஆளெடுப்பு முகாமுக்குச் சென்றான் என்றால், இனி அவனுக்குப் புத்தகம் எதற்கு என்பர் உறவினர். அவனே பதினேழு ஆண்டுகள் கழித்துக் காதோர நரையோடும் தோளில் புத்தகப் பையோடும் கல்லூரி வாயிலில் வந்து நின்றால் என்ன சொல்வர்?

நம் வளாகத்தில் அப்படி ஒருவர் பயில்கிறார். முதலாண்டு பி.எஸ்ஸி. வகுப்பு, வயது 37. முதல் நாள் அவர் வகுப்பினுள் நுழைந்தபோது, பேராசிரியர்தாம் வந்துவிட்டார் என்று மாணாக்கர் அனைவரும் எழுந்து நின்றனர். அவரோ தமக்குப் பின்னால் யாரோ பெரியவர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தாராம். இப்பொழுது எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. அவருக்கு நாங்கள் எல்லோரும் 'தம்பி'. அவர் பணியாற்றிய 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்னும் பொறியாளர் படையினருக்கே இராணுவத்தில் 'தம்பிகள்' என்றுதான் செல்லப்பெயர். 1780-இல் சென்னையில் தோன்றிய அப்படையின் தலைமையிடம் இன்று நம் அல்சூரில் இருக்கிறது. ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்துக்குப் போகும் நம்மில் பலர் அதன் மதிற்சுவரைப் பார்த்தபடியே கடந்து போகிறோம்.

அண்ணாவின் கதையில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஓய்வு பெற்று வருகையில் அவர் கையில், பட்டப்படிப்புக்கு நிகரான தகுதி உடையவர் என்று கூறும் இராணுவச் சான்றிதழ் ஒன்று இருந்தது. அதை நம்பி எம்.எஸ்ஸி.க்கே விண்ணப்பிக்கலாம் என்று எண்ணினார். நண்பர்களும் அவ்வாறே சொல்லியிருந்தனர். ஓர் அலுவலகத்தில் அதை வாங்கிப் பார்த்தவர் மறுபேச்சின்றித் திருப்பித் தந்துவிட்டார். காரணத்தையாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆகவே இங்கே நான் சொல்கிறேன்.

மத்திய அரசு 1986-இல் திருத்திய விதிகளின்படி, பத்தாம் வகுப்பில் தேறிப் பதினைந்து ஆண்டுகள் படையில் பணியாற்றிய ஒருவர், பட்டம் கேட்கும் 'சி' பிரிவு வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தகுதியுடையவர். தொழில்நுட்பத் தகுதி கேட்கும் பதவிகளுக்கு இது பொருந்தாது. இச்சலுகை வேலைக்கு உரியது, படிப்புக்கு உரியதன்று. 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, பட்டம் வழங்கும் உரிமை சட்டத்தால் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கும், அவற்றுக்கு நிகரானவையாக ஏற்கப்பெற்ற நிறுவனங்களுக்கும், பாராளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. படைத் தலைமையகம் பல்கலைக்கழகம் அன்று. எனவே அச்சான்றிதழைக் கொண்டு எழுத்தர் வேலைக்குப் போட்டியிடலாம். முதுகலை வகுப்பில் நுழைய இயலாது. இதனை அறியாமல் ஓராண்டை வீணாக்கியவர் அண்ணா ஒருவர் மட்டும் அல்லர் என்றே நினைக்கிறேன். நல்லவேளை, பணியில் இருக்கும்பொழுதே தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்தார். அதனால் முதற்படியிலாவது காலை வைக்க முடிந்தது.

இனிப் பணத்தைப் பற்றி. பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு. ஆனால் அது குடும்பம் நடத்துவதற்கு. அண்ணாவுக்கு மனைவியும் பள்ளியில் படிக்கும் மகளும் இருக்கின்றனர். படிப்புக்கென்று தனி உதவி உண்டா? 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் உபகாரச் சம்பளத் திட்டம் முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கும், கணவனை இழந்த மனைவியருக்கும் உரியது. நாளை மகள் பொறியியலோ மருத்துவமோ படித்தால் அவள் விண்ணப்பிக்கலாம். தந்தைக்கு அதில் இடமில்லை. முப்பத்தைந்து வயதில் வெளிவருபவன் தானும் படிக்க விரும்பக்கூடும் என்பது திட்டம் வகுத்தோர் மனத்தில் தோன்றவே இல்லை போலும்.

வேறொரு நாட்டில் அது தோன்றிற்று. 1944 ஜூன் 22 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். உலகப்போரிலிருந்து திரும்பும் வீரர் எவரும் கல்லூரியில் சேரலாம். கல்லூரிக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசே கொடுக்கும். கைச்செலவுக்கு மணமாகாதவர்க்கு மாதம் 50 டாலர், குடும்பம் உடையவர்க்கு 75 டாலர். சிகாகோப் பல்கலைக்கழகத்தின் தலைவராய் இருந்த ஹட்சின்ஸ், இதனால் கல்லூரிகள் வேலையற்று அலைவோரின் தங்குமிடங்கள் ஆகிவிடும் என்று எச்சரித்தார். நடந்தது வேறு. ஏறத்தாழ 22 லட்சம் வீரர்கள் கல்லூரி புகுந்தனர். 1947-இல் அந்நாட்டுக் கல்லூரி மாணவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவர்களே. மனைவி மக்களோடு குடிசை போன்ற தற்காலிக வீடுகளில் இருந்துகொண்டு படித்த அவர்கள், பள்ளியிலிருந்து நேரே வந்த இளைஞர்களுக்குப் பின்தங்கவில்லை. ஆனால் ஒன்று: கறுப்பின வீரர்க்கு இதன் பயன் முழுமையாகக் கிட்டவில்லை. தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் அவர்களுக்குக் கதவடைத்தன. அவர்களுக்கென்று இருந்த கல்லூரிகளிலோ இடம் போதவில்லை. அதே போரில் நம் நாட்டிலிருந்து ஏறத்தாழ 25 லட்சம் பேர் படையில் இருந்தனர். அவர்களுக்கு இத்தகைய சட்டம் வரவில்லை.

சட்டம் இருக்கட்டும். வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. ஞாயிறுதோறும் நம் சங்க அறையில் அண்ணாவுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க அமர்ந்தபோது, இயற்கணிதம் அவரிடமிருந்து அறவே மறைந்துபோயிருந்ததைக் கண்டேன். சமன்பாட்டின் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு ஓர் உறுப்பை நகர்த்தினால் குறி மாறும் என்பதுகூட ஐயத்துக்கு உரியதாய் இருந்தது. மொழியும் ஒரு தடை. பள்ளியில் தமிழ் வழி, பட்டாளத்தில் இந்தி, இங்கே ஆங்கிலம். "முடுக்கம்னு சொன்னா மனசுல நிக்குது தம்பி. ஆக்ஸலரேஷன்னு சொன்னா லாரியோட மிதிகட்டைதான் ஞாபகம் வருது" என்பார். பாதி நேரம் பாடத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவதிலேயே கழிந்தது.

ஆயினும் ஒரு நாள் நிலை தலைகீழாயிற்று. திருப்புத்திறன் பாடம். நெம்புகோலின் இரு பக்கமும் எடையையும் தொலைவையும் பெருக்கிச் சமன் பார்க்கும் எளிய கணக்குத்தான். நான் பலகையில் ஒரு கோட்டை வரைந்து தொடங்கினேன். சிறிது நேரம் உற்றுப் பார்த்திருந்தவர், "இது பெய்லி பாலம் தம்பி" என்றார்.

பெய்லி பாலம் என்பது இரண்டாம் உலகப்போரின்போது டொனால்டு பெய்லி என்ற ஆங்கிலப் பொறியாளர் வகுத்த இரும்புப் பாலம். பத்தடி நீளமுள்ள சட்டங்களை ஊசி போன்ற முளைகளால் இணைத்துக்கொண்டே போகலாம். ஒரு சட்டம் ஏறத்தாழ 260 கிலோ. பாரந்தூக்கி வேண்டியதில்லை, ஆறு பேர் சுமந்துவிடுவர். வியப்பு அதைக் கட்டுவதில் இல்லை, ஆற்றின் குறுக்கே செலுத்துவதில் இருக்கிறது. எதிர்க்கரையில் ஆளில்லை, நடுவில் தூணில்லை. பாலத்தை இக்கரையிலேயே உருளைகளின்மேல் கட்டி முன்னே தள்ளவேண்டும். தள்ளத் தள்ள முன்பகுதி அந்தரத்தில் நீளும். அதன் திருப்புத்திறன் பின்பகுதியின் திருப்புத்திறனை மிஞ்சினால் முழுப்பாலமும் ஆற்றுக்குள் கவிழும். அதற்காகவே முன்னால் தளமில்லாத வெறுஞ்சட்டங்களால் 'மூக்கு' ஒன்றைப் பொருத்துகின்றனர். அது இலேசானது. மூக்கின் நுனி எதிர்க்கரையைத் தொடும்வரை மொத்தப் பாலத்தின் ஈர்ப்பு மையம் உருளைகளுக்குப் பின்னால், இக்கரையிலேயே நின்றுவிடும்.

அண்ணா இதை எனக்குச் சொல்லவில்லை. இரண்டு அடிக்கோல், ஓர் அழிப்பான், மூன்று பேனா இவற்றைக் கொண்டு மேசை விளிம்பில் செய்து காட்டினார். "மூக்கு எத்தனை சட்டம் வைக்கணும்னு அட்டவணை இருக்கு, அதப் பாத்து வெச்சோம். ஏன் அத்தனைன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். நானோ அந்தக் கணக்கை நூறு முறை போட்டிருக்கிறேன். கவிழக்கூடிய பாலம் ஒன்றை ஒருமுறையும் தொட்டதில்லை.

2024 ஜூலை இறுதியில் வயநாட்டு நிலச்சரிவில் சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, இதே அல்சூர்ப் படையினர்தாம் 190 அடிப் பெய்லி பாலத்தை அமைத்து ஆகஸ்டு 1 அன்று திறந்தனர். 24 டன் தாங்கும் பாலம். அப்படத்தைச் செய்தித்தாளில் கண்டவர் பலர். அதில் இயற்பியல் பாடம் ஒன்று இருப்பதை எனக்குக் காட்டியவர் அண்ணாவே.

இன்னும் ஒரு செய்தி. 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் பணி நான்கே ஆண்டுகள். நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்பவேண்டும், ஓய்வூதியம் கிடையாது. முதல் அணியினருக்கு நான்காண்டு நிறைவது 2026 இறுதியை ஒட்டி. அவர்கள் இருபத்தைந்தை ஒட்டிய இளைஞர்களாய் இருப்பர். அண்ணாவைப்போல் சமன்பாட்டை முற்றும் மறந்திருக்கமாட்டார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அவர்களுக்கெனத் தனிப்பட்டப்படிப்பு வகுத்துள்ளது. மதிப்பலகுகளில் பாதியைப் படைப்பயிற்சிக்கே கொடுத்துவிடுகிறது. மீதிப் பாதியைப் படித்துப் பெறவேண்டும். இது பல்கலைக்கழகம் தரும் உண்மையான பட்டம்; பழைய சான்றிதழின் குறை இதில் இல்லை. ஆனால் வேதியியலோ இயற்பியலோ முறையாகக் கற்று ஆய்வுக்குச் செல்ல விரும்புவோர், அந்தப் பாதியைப் பயிற்சிக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று சேருமுன் எண்ணிப் பார்ப்பது நன்று. மருத்துவம் விரும்புவோர்க்கு ஒரு நல்ல செய்தி: நீட் தேர்வின் உச்ச வயதுவரம்பு 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது.

அண்ணா முதற்பருவத் தேர்வில் இயற்பியலில் தேறிவிட்டார். ஆய்வகத்தில் அவர் குறிப்பேடு வகுப்பிலேயே சிறந்தது என்று பாராட்டப்பெற்றது. கணிதம் மட்டும் தவறியது. அதை மீண்டும் எழுதப்போகிறார். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் வகைநுண்கணிதம் நடக்கிறது. அவர் ஒன்பதே முக்காலுக்கே வந்து பலகையைத் துடைத்து வைத்துவிடுகிறார். கற்பிக்க வேண்டிய நான்தான் பிந்தி வருகிறேன்.