‘அவங்க வீட்டு விஷயம்’ என்று ஒதுங்கலாமா? குடும்ப வன்முறையில் அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியது என்ன?

“புருஷன் பொண்டாட்டி சண்டை. நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்துக்குவாங்க, தலையிட்ட நாமதான் கெட்டவங்களா நிப்போம்.” பக்கத்து வீட்டில் அலறல் கேட்கும்போது பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பேச்சு இதுதான். ஆனால் சட்டம் இப்படிப் பார்க்கவில்லை. அடிபடுகிற பெண்ணின் சார்பில் பேச, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தோழிக்கும் ஆபீஸ் சகாவுக்கும் அது இடம் கொடுத்திருக்கிறது.

2019-21-ல் நடந்த 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். தேசிய அளவில் இது சுமார் 29 சதவீதம். அதே ஆய்வு சொல்லும் இன்னொரு விஷயம்: நாடு முழுவதும், உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர் மட்டுமே உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. கேட்டவர்களும் பெரும்பாலும் போனது சொந்தக் குடும்பத்திடம்தான். போலீஸ், வக்கீல், டாக்டர் எல்லாம் அதற்கு வெகு பின்னால்.

அதாவது, ஒரு பெண் முதலில் வாய் திறப்பது நம்மைப் போன்ற ஒருவரிடம்தான்.

முதலில் என்ன சொல்ல வேண்டும்?

“நீ சொல்றதை நம்புறேன்.” “இதுல உன் தப்பு எதுவும் இல்ல.” “இப்போ உனக்கு என்ன வேணும்?” தொடக்கத்துக்கு இந்த மூன்றும் போதும்.

“நீ என்ன பண்ண, அவர் கை நீட்டற அளவுக்கு?” என்ற கேள்வியும், “குழந்தைக்காகப் பொறுத்துக்கோ” என்ற அறிவுரையும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடும். நல்ல எண்ணத்தில் சொல்லும் “உடனே பையை எடுத்துக்கிட்டு கிளம்பி வா” என்பதும் ஆபத்தாக முடியலாம். வீட்டை விட்டு வெளியேறும் நேரத்திலும் அதற்குப் பிறகும்தான் பல நேரங்களில் வன்முறை கூடுகிறது. எப்போது கிளம்புவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். கிளம்பியவர் திரும்பிப் போனாலும் “இனிமே எங்கிட்ட வராதே” என்று சொல்லாதீர்கள். பணம், பிள்ளைகள், பயம் என்று திரும்பிப் போக ஆயிரம் காரணம் இருக்கும். அடுத்த முறை தட்ட ஒரு கதவு அவருக்குத் திறந்திருக்க வேண்டும்.

கையில் இருக்கும் போனில் என்ன செய்யலாம்?

* அடிபட்ட காயத்தின் போட்டோ, மிரட்டல் மெசேஜ்களை அவர் சம்மதத்துடன் உங்கள் போனில் சேமித்து வையுங்கள். அவருடைய போனைக் கணவர் பார்க்கக்கூடும். அதனால் இதுபற்றி அவருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்.
* ஆதார், பாஸ்புக், சான்றிதழ், மருத்துவ ரசீதுகளின் நகல்களை உங்களிடம் பத்திரப்படுத்தலாம்.
* ஒரு ரகசியச் சொல்லைப் பேசி வையுங்கள். “சக்கரை இருக்கா?” என்று கேட்டால் 112-ஐ அழைக்க வேண்டும் என்பது போல.
* சத்தம் கேட்ட நாள், நேரத்தைக் குறித்து வையுங்கள். பிறகு சாட்சியாக உதவும்.

நேரில் மோதுவது எல்லா நேரத்திலும் நல்லதல்ல. 2008-ல் பிரேக்த்ரூ அமைப்பு நடத்திய ‘பெல் பஜாவோ’ பிரசாரம் சொன்ன வழி எளிமையானது. காலிங் பெல்லை அடித்து, கொஞ்சம் பால் இருக்குமா என்று கேளுங்கள். வெளியில் ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தாலே பல நேரம் அந்த அடி நிற்கும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் தயங்காமல் 112.

மூன்றாவது நபர் புகார் கொடுக்க முடியுமா?

முடியும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-ன் 4-வது பிரிவுப்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்ன தகவலுக்காக அவர் மீது சிவில் வழக்கோ, கிரிமினல் வழக்கோ வராது. பாதிக்கப்பட்ட பெண்ணின் சார்பில் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கவும் வேறொருவரால் முடியும்.

அடித்தால் மட்டும்தான் வன்முறை என்றில்லை. கேவலமாகத் திட்டுவது, விருப்பமில்லாத பாலுறவு, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, ஏ.டி.எம். கார்டைப் பறித்து வைப்பது எல்லாமே இந்தச் சட்டத்தில் அடங்கும். மனைவி மட்டுமல்ல, தாய், சகோதரி, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண் என எல்லோருக்கும் இது பொருந்தும். வீடு யார் பேரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவருக்கு உண்டு. முதல் விசாரணையைப் பொதுவாக 3 நாட்களுக்குள் வைக்க வேண்டும், 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பாலியல் வன்முறை என்றால்?

எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான் சிகிச்சை என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. அரசு, தனியார் எதுவானாலும் இலவசமாக உடனடி சிகிச்சை தர வேண்டும். மறுப்பது குற்றம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே குளித்துவிட்டார் என்பதற்காகப் போகாமல் இருந்துவிட வேண்டாம். ‘இரு விரல் பரிசோதனை’ செய்பவர்கள் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார்கள் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதிவு செய்யலாம். பாதிக்கப்பட்டது 18 வயதுக்குட்பட்டவர் என்றால், தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம்.

இன்னொன்று: பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை. அனுதாபத்தில்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டுவிடாதீர்கள்.

ஊர் கூடிப் பேசி முடிக்கலாமா?

சமூகம் துணையாக நிற்பது வேறு, பஞ்சாயத்து பேசி மூடி மறைப்பது வேறு. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னெடுத்த முஸ்லிம் பெண்கள் ஜமாஅத், ஆண்கள் மட்டும் கூடி முடிவெடுத்த குடும்பப் பிரச்சினைகளில் பெண்களின் பேச்சைப் பெண்களே உட்கார்ந்து கேட்கும் இடத்தை உருவாக்கியது. பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் சமூகத்துக்கு இது ஓர் உதாரணம்.

ஆனால் பாலியல் வல்லுறவில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2015-ல் இப்படி ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பியது பெரும் சர்ச்சையானது. வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய சமரசத்தைக் கடுமையாக நிராகரித்தது. அதையடுத்து சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. “ரெண்டு குடும்பமும் பேசி முடிச்சிரலாம்” என்று யாராவது சொன்னால், இதை நினைவுபடுத்துங்கள்.

எங்கே அழைப்பது?

* 112 – அவசர போலீஸ் உதவி
* 181 – பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும்
* 1098 – குழந்தைகளுக்கு
* 15100 – இலவச சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.
* ஒருங்கிணைந்த சேவை மையம் – மருத்துவம், கவுன்சலிங், சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். 181-ல் கேட்டால் வழிகாட்டுவார்கள்.
* பாதுகாப்பு அலுவலர் – மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இந்த எண்களை இப்போதே சேவ் செய்து வையுங்கள். தேவைப்படுகிற பெண்ணிடம் அந்த நேரத்தில் போன் இல்லாமல் போகலாம்; உங்களிடம் இருக்கும்.