பதிவு எண் இல்லாத குழுவுக்கு யார் பணம் கொடுப்பார்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கெலமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் கூட்டங்களில் பேச்சு தெலுங்கில் ஓடும், நடுவே கன்னடம் வந்து சேரும், தீர்மானம் மட்டும் தமிழில். எழுதியதைத் திரும்பத் தெலுங்கில் சொல்லிக் காட்டாமல் ஒருத்தியும் கையெழுத்துப் போட மாட்டாள். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தக் குழுவை நம்பலாமா என்று யாராவது கேட்டால் அந்தத் தீர்மானப் புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டுவேன்.

சிறிய மானியம் என்று நாங்கள் சொல்வது பத்தாயிரம், பதினைந்தாயிரம், மிஞ்சிப்போனால் ஐம்பதாயிரம் ரூபாய். இதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். 15 பெண்கள் மாதம் ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் ஓராண்டில் 18,000 ரூபாய் சேரும். அது பெட்டியில் தூங்குவதில்லை. ஒருத்திக்கு ராகி விதைக்க, இன்னொருத்திக்குப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று உள்கடனாகப் போய்க்கொண்டே இருக்கும். தக்காளி நாற்று நடும் பருவம் வந்தால் ஒரே வாரத்தில் ஆறு பேர் கேட்பார்கள். பெட்டியில் இரண்டு பேருக்குத்தான் இருக்கும். மற்ற நான்கு பேரும் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்காரரிடம் போய் நிற்பார்கள். அந்த வாரத்தில் குழுவின் கையில் இன்னொரு 15,000 ரூபாய் இருந்தால் அவர்கள் போக வேண்டியதே இல்லை. குழு வாங்கும் வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய், அதுவும் குழுவுக்கே வருகிறது. காய் விற்றுக் கடன் திரும்பியதும் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். ஒரு குழு இப்படிச் சேர்த்த வட்டியில் பெரிய அண்டாக்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வாங்கி, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறது.

குழுவுக்குள் இப்படிச் சுற்றிவரும் பணத்தை, சுழல் நிதி என்ற பெயரில், இப்போது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் தருகிறது. 2011-ல் அது தொடங்கியபோது குழுவுக்கு 10,000 முதல் 15,000 ரூபாய் என்று வைத்தார்கள், பிறகு உயர்த்தினார்கள். குழுவிடம் எதிர்பார்ப்பது ஐந்து காரியங்கள். கூட்டம் தவறக் கூடாது, சேமிப்பு தவறக் கூடாது, உள்கடன் நடக்க வேண்டும், கடன் திரும்ப வேண்டும், கணக்கு சரியாக இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் இந்த ஐந்தில் இல்லை. இது தானாக வந்த சலுகை அல்ல.

பெங்களூரில் 1968-ல் தொடங்கிய மைராடா நிறுவனம் முதலில் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்தும் வேலையைச் செய்தது. பிறகு கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. 1980-களின் நடுவில் அவற்றில் பல உடைந்தன. தலைவர்கள்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. ஆனால் உறுப்பினர்கள் வாங்கிய கடனை ஏமாற்ற நினைக்கவில்லை. ஒருவரையொருவர் நன்றாக அறிந்த பதினைந்து, இருபது பேராகச் சேர்ந்து வந்து, பெரிய சங்கத்துக்குப் பதிலாகத் தங்கள் சிறு குழுவுக்கே கட்டுகிறோம் என்றார்கள். மைராடா தயங்கி, பிறகு ஒப்புக்கொண்டது. 1986-87 வாக்கில் அதன் பகுதிகளில் ஏறக்குறைய 300 குழுக்கள் இருந்தன. 1987-ல் நபார்டு வங்கி மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் மானியம் கொடுத்தது. குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், அவர்கள் சேமித்ததற்கு ஈடாக ஒரு தொகை போடவும் அந்தப் பணம். ஒரு தேசிய வங்கிக்கு அது சின்னத் தொகை. அந்த அனுபவமும் சேர்ந்துதான் 1992-ல் நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் துணிச்சலை நபார்டுக்குக் கொடுத்தது.

இடையில், 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 2004 வரை ஓசூரும் கிருஷ்ணகிரியும் கெலமங்கலமும் தர்மபுரி மாவட்டம்தான். தமிழ்நாட்டில் இன்று ஊருக்கு ஊர் இருக்கும் மகளிர் குழுக்களுக்கான அரசுத் திட்டம் எங்கள் வறண்ட பூமியில் தொடங்கியது என்பதை நான் பெருமையோடு சொல்வேன். 1993 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பதிவு செய்த குழுவானாலும் செய்யாத குழுவானாலும் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம் என்று வங்கிகளுக்கு எழுதியது. என்னைக் கேட்டால், பல கோடித் திட்டங்கள் செய்யாததை அந்த ஒரு கடிதம் செய்தது.

சேமிப்புக் குழுக்களுக்கு இந்த வழி இருக்கிறது. கடன் கொடுக்காத, வாங்காத குழுக்களும் இருக்கின்றனவே! மலைக் கிராமத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கவைக்கும் நாலு பேர், ஏரிக்கரையில் முள்மரம் வெட்டும் இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகள். எனக்குத் தெரிந்த மாற்றுத்திறனாளிகள் குழு ஒன்றுக்கு, மூன்று சக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கவும் கிருஷ்ணகிரியில் நடக்கும் முகாம்களுக்குப் போய்வரவும் 40,000 ரூபாய் தேவைப்பட்டது. எங்களைச் சுற்றித் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. விடிவதற்குள் ஷிப்ட் பஸ்கள் வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒரு கம்பெனியில் போய்க் கேட்டோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பதிவு இல்லாததால் முடியாது என்றார். வெளியே வந்ததும் குழுத் தலைவர் சொன்னார்: "அக்கா, எங்க வண்டி ஓடலைன்னு சொல்றோம், எங்க பேப்பர் எங்கேன்னு கேக்குறாங்க."

அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, ஒரு வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கவும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் வெளி அமைப்பு ஒன்றின் மூலம் செலவிட்டால், அந்த அமைப்புக்குப் பதிவு வேண்டும், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி சான்றுகள் வேண்டும், அதே வேலையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவமும் சேர்ந்தது. அதில் ஆடிட்டர் போன்ற ஒருவரின் சான்று இருக்க வேண்டும். 40,000 ரூபாய் கேட்கும் குழுவுக்கும் நாலு கோடி கேட்கும் அமைப்புக்கும் ஒரே வாசல்தான்.

முன்பு இன்னொரு வழி இருந்தது. வெளிநாட்டு நன்கொடை பெற அனுமதி உள்ள பெரிய நிறுவனம், அதே அனுமதி பெற்ற சிறிய அமைப்புக்கு ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம். 2020 செப்டம்பரில் வந்த சட்டத் திருத்தம் அதை அடைத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறக்கியது. கண்காணிப்பு வேண்டாம் என்று கணக்கு எழுதுகிற நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ரூபாய் எங்கே போனது என்பதை ஊருக்குள் இருக்கும் பதினைந்து பேர் கேட்பதைவிடப் பெரிய கண்காணிப்பை நான் பார்த்ததில்லை.

பதிவு செய்துவிடலாமே என்பார்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். பதிவு செய்வது எளிது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்வதுதான் சிரமம். அதைச் செய்ய ஆளில்லாமல் பதிவு செய்யாதீர்கள் என்றே சொல்லி வருகிறேன்.

அதுவரை இரண்டு வழிகள் உண்டு. கம்பெனி தானே நேரடியாகவும் சமூகப் பணி செய்யலாம் என்று விதி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் குழுவுக்காக இதைச் சொல்லி வேறொரு கம்பெனியைக் கேட்டோம். டயர், டியூப், பேரிங்குக்கான பில்லையும் மெக்கானிக் கூலியையும் அவர்களே கட்டினார்கள். பஸ் செலவு கிடைக்கவில்லை. அதற்கு உறுப்பினர்கள் இன்னும் தங்களுக்குள் வசூலித்துக்கொள்கிறார்கள். வகுப்பறைக் கட்டடம், ஏரி போன்ற வேலைகளுக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும். அந்தப் பங்கைக் கம்பெனியும் கொடுக்கலாம்.

கொடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். பணத்தை வேலை முடிந்த பிறகு கொடுக்காதீர்கள், முதலிலேயே பாதியாவது கொடுங்கள். கைமாற்று வாங்கி வேலையை முடிக்க இவர்களால் ஆகாது. கணக்கு எழுதுகிறவருக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். விண்ணப்பத்தைத் தமிழில், ஒரே தாளில் கேளுங்கள். மிச்சத்தைத் தெரிந்துகொள்ள ஒரு கூட்டத்துக்கு வந்து உட்காருங்கள்.

குழுக்களிடம் சொல்வது ஒன்று உண்டு. சமூகப் பணிக்கான ஆண்டுத் திட்டத்தைக் கம்பெனிகள் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகின்றன. மார்ச் கடைசியில் போய் நிற்காமல், தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பொங்கல் முடிந்ததும் போய்ப் பாருங்கள்.