மதில் இல்லாத வீட்டுப் பூனை

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பூனை வளர்ப்பவர்கள் சொல்லும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. சோபாவின் கைப்பிடி கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது, விடிகாலை நாலரைக்குக் கட்டிலுக்கும் கதவுக்கும் ஓட்டம், அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர் தரையில், மெத்தையில் மூத்திரம். கடைசியில், "வேணும்னே பண்ணுது" என்று தீர்ப்பும் வந்துவிடும். பழிவாங்கத் திட்டமிடும் குணம் பூனைக்கு இல்லை. வேட்டைக்கென்று அமைந்த உடம்பு, வேட்டை இல்லாத வீட்டில் தனக்கான வேலையைத் தானே தேடிக்கொள்கிறது. எனவே திருத்த வேண்டியது வீட்டின் அமைப்பையும் நாம் நேரம் ஒதுக்கும் விதத்தையும்தான்.

சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் பூனையையும் புதைத்திருக்கிறார்கள். தானியம் சேர்ந்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. எலி பிடிப்பதற்காகவே அதை வைத்துக்கொண்டோம். நாயைப் பல வேலைகளுக்குப் பழக்கி மாற்றியதுபோல் பூனையை மாற்றவில்லை. தானே வேட்டையாடிப் பிழைக்கும் பூனை ஒரு நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் எலியளவு இரையைத் தின்கிறது. பல பாய்ச்சல்கள் வீணாகிப்போன பிறகுதான் ஒன்று கிடைக்கும். எலி நடமாடும் விடியலும் அந்தியுமே அது சுறுசுறுப்பாக இருக்கும் வேளைகள். பிளாட்டில் இத்தனை உழைப்புக்கும் பதிலாக இருப்பது ஒரு கிண்ணம் உலர்தீனி மட்டுமே. சில நிமிடங்களில் சாப்பாடு முடிந்துவிடும், மீதி நாள் முழுக்கத் திரைச்சீலைதான் கதி.

இந்த வேட்டை வேகத்தை விளையாட்டால் தணிக்கலாம் என்பதற்கு ஆதாரம் உண்டா என்றால் உண்டு. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில், பூனை பிடித்துக்கொண்டு வந்த இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சிப் புரதம் நிறைந்த தீனி கொடுத்த வீடுகளில் 36 சதவீதம் குறைந்தது. அவை வெளியே போய்வரும் பூனைகளாயிற்றே என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் வேட்டை வேகத்தை விளையாட்டால் தணிக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. விளையாடும் முறைதான் முக்கியம். குச்சி நுனியில் கட்டிய இறகைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டக் கூடாது; எந்த எலியும் தானாக வந்து வாயில் விழாது. இறகு பூனையை விட்டு விலகி ஓட வேண்டும், நாற்காலிக் காலுக்குப் பின்னால் ஒளிய வேண்டும், அசையாமல் நின்று மறுபடி துடிக்க வேண்டும். முடிவில் பிடிபடவும் வேண்டும், பிடிபட்டதும் தீனி வைக்க வேண்டும். லேசர் ஒளியில் பிடிக்க ஒன்றுமே இல்லாததால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரவு படுக்கப் போகும் முன் இப்படி ஒரு சுற்று விளையாடி, தீனியில் ஒரு பங்கைப் பழைய முட்டை அட்டைக் குழிகளில் ஒளித்து வைத்தால் விடிகாலை ஓட்டம் பெருமளவு அடங்கும். நாலரைக்குக் கத்தினால் எழுந்து தீனி போடுகிறவர்கள், கத்தினால் சோறு கிடைக்கும் என்று அதற்குப் பாடம் நடத்துகிறார்கள்.

சோபா கிழிவது வேறு கணக்கு. நகத்தின் பழைய மேலுறையை உதிர்க்கவும், முதுகுத் தசையை நீட்டவும், பாதத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையைப் பதிக்கவும் பூனை பிறாண்டுகிறது. இதை நிறுத்த முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். பூனை முழு உடம்பையும் நீட்டி நிற்கும் உயரத்தில், ஆடாத மரக்கட்டை ஒன்றில் சணல் கயிறு சுற்றி, சோபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். பால்கனி மூலையில் வைத்தால் அது வெறும் கட்டைதான். நகத்தின் கூர்நுனியை அவ்வப்போது வெட்டிவிடலாம். வெளிநாடுகளில் செய்யும் நகநீக்க அறுவையை இங்கே கேட்பவர்களும் உண்டு. அது விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது. நியூயார்க் மாநிலம் 2019இல் தடை செய்துவிட்டது.

"ரெண்டு அடி போட்டா திருந்தும்" என்பது பெரியவர்களின் வாதம். அடியைப் பூனை சோபாவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, அடித்த ஆளோடு சேர்த்துப் பார்க்கிறது. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிறாண்டும். அதைவிட மோசம், பதற்றம் பூனையின் மூத்திரப்பையைப் பாதிக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர், காரணம் புலப்படாத மூத்திரப்பை அழற்சி வந்த 46 வீட்டுப் பூனைகளின் சூழலை மாற்றிப் பார்த்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூத்திரத் தொல்லையோடு அவற்றின் பயமும் படபடப்பும்கூடக் குறைந்தன. ஆகவே மெத்தை நனைந்தால் முதலில் லிட்டர் ட்ரேயைப் பாருங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு ட்ரே கூடுதலாக இருக்க வேண்டும். தினமும் அள்ள வேண்டும், வாஷிங் மெஷின் அதிரும் மூலையில் வைக்கக் கூடாது. வளர்ந்த கடுவன் சுவரில் பீய்ச்சினால் கருத்தடை செய்வது பெரும்பாலும் பலன் தரும். துடைக்கும்போது பினாயிலை எடுக்காதீர்கள். பினாயிலில் உள்ள பினால் வகை ரசாயனங்களைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான்.

"இவ்வளவு பாடு எதற்கு, வெளியே விட்டால் போச்சு" என்பது இன்னொரு யோசனை. மதில்மேல் பூனைக்கு மதிலாவது இருந்தது. நான்காம் மாடிப் பூனைக்குப் படியிறங்கினால் வண்டியும் தெருநாயும்தான். உள்ளே வைத்தாலும் ஆபத்து விடாது. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில், சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்ததாக இருக்கிறது. பூனைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கைக்கு இதை ஆதாரம் காட்டுவார்கள். விழுந்த இடத்திலேயே செத்தவற்றை யார் மருத்துவமனைக்குத் தூக்கி வருவார்கள்? பால்கனி கிரில்லின் இடைவெளியில் பூனை எளிதாக நுழையும், நைலான் கொசுவலையை நகம் கிழித்துவிடும். உலோக வலைதான் நிற்கும். பூக்கட்டும் நூலும் தையல் நூலும் இன்னொரு வினை. பூனையின் நாக்கில் முட்கள் பின்நோக்கி இருப்பதால் வாயில் போன நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிவிடும், குடல் சுருக்குப்பைபோல் இழுபட்டு அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பவர்கள், துணைக்கு இன்னொரு பூனை வாங்கிவிடலாம் என்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் புகார் இரட்டிப்பாகும். பத்து நிமிட விளையாட்டு அதைவிட மலிவு. இத்தனையும் செய்த பிறகும் ஒன்றை மட்டும் சேட்டைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கடுவன் பூனை திரும்பத் திரும்ப ட்ரேயில் போய்க் குந்தி, முக்கி, ஒரு சொட்டோ அதுவும் இல்லாமலோ எழுந்து வந்தால் மூத்திரக்குழாய் அடைத்திருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.